தூரத்துக் கல்

இங்கிலாந்தின் தென்மேற்கு நோக்கிச் செல்லும் ஏ303 நெடுஞ்சாலை ஏம்ஸ்பரி ஊரைத் தாண்டியதும் ஒரு மேட்டில் ஏறி இறங்குகிறது. இறங்கும் இடத்தில் வண்டிகளெல்லாம் ஊர ஆரம்பிக்கின்றன. வலப்பக்கம், மரமே இல்லாத புல்வெளியின் நடுவில், சாம்பல் நிறத்தில் ஒரு கற்கூட்டம் தெரிகிறது. அதுதான் ஸ்டோன்ஹெஞ்ச். கார் ஜன்னலிலிருந்து பார்த்தால் மிகச் சிறியது. இவ்வளவுதானா என்று பலரும் கேட்கிறார்கள். சாலிஸ்பரி சமவெளி அப்படி. பக்கத்தில் ஒரு மரமோ வீடோ இருந்தால்தானே கண்ணுக்கு அளவு பிடிபடும்? கிட்டே போய் நின்றால் வெளிவட்டத்தின் தூண் ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. எடை ஏறத்தாழ இருபது டன்.

இந்தச் சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்று நெடுங்காலம் ஒரு திட்டம் இருந்தது. 2024இல் அரசு அதைக் கைவிட்டது. லாரிகளின் இரைச்சல் கற்கள்வரை வந்துகொண்டிருப்பது உண்மைதான். ஆனாலும் திட்டம் நின்றுபோனதில் எனக்கு மகிழ்ச்சி. நுழைவுச்சீட்டு வாங்க வசதியில்லாதவர்கள், வேலைக்குப் போகும் அவசரத்தில் இருப்பவர்கள், சரக்கு ஏற்றிப் போகும் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை ஒன்று ஒரு நிமிடம் கண்ணில் பட்டு மறைகிறது. அந்தக் காட்சியை மூடிவிடக் கூடாது.

சீட்டு வாங்கியவர்கள் வேறு வழியாகப் போகிறார்கள். கற்களிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, 2013இல் திறக்கப்பட்ட பார்வையாளர் மையம் இருக்கிறது. அங்கிருந்து பேருந்தில் போகலாம், நடந்தும் போகலாம். நடப்பதுதான் சரி. வழியில் அங்கங்கே புல் மூடிய மேடுகள் வருகின்றன. பெரும்பாலும் வெண்கலக் காலத்துப் புதைமேடுகள். சில தனியாக, சில வரிசையாக. பேருந்தில் போய் இறங்குகிறவருக்கு ஸ்டோன்ஹெஞ்ச் வெட்டவெளியில் தனித்து நிற்கும் அதிசயம். நடந்து வருகிறவருக்கு அது ஒரு மாபெரும் இடுகாட்டின் நடுவிடம். இரண்டும் ஒரே கற்கள்தாம் என்றாலும் மனம் போய்ச் சேரும் இடம் வேறு.

கற்களை நெருங்கியதும் முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு. அதற்கு வெளியே வட்டமாகச் சுற்றி வரலாம், அவ்வளவுதான். 1970களின் பிற்பகுதிவரை உள்ளே போய்ச் சாய்ந்து உட்கார முடிந்தது. அதற்கும் முந்தைய நூற்றாண்டில் வந்தவர்கள் நினைவுக்காக ஒரு துண்டை உடைத்தும் எடுத்துப்போனார்கள். 1900ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஒரு தூண் சாய்ந்து விழ, நிலத்துக்குச் சொந்தக்காரரான எட்மண்ட் ஆன்ட்ரோபஸ் மறு ஆண்டு வேலி போட்டு ஒரு ஷில்லிங் கட்டணம் வைத்தார். 1915இல் நிலம் ஏலத்துக்கு வந்தது. செசில் சப் என்ற வழக்கறிஞர் 6,600 பவுண்டுக்கு எடுத்து, 1918இல் நாட்டுக்கே கொடுத்துவிட்டார். இப்போது ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிற இடத்தில் கயிறு இல்லாமல் முடியாது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கயிறு பார்வையை மாற்றிவிடுகிறது. தொட முடியாததைப் படமாகத்தான் பார்க்கிறோம். படமாகப் பார்ப்பவருக்கு ஒரு தலைப்பு வேண்டியிருக்கிறது. அந்தத் தலைப்பு பல நூற்றாண்டுகளாகத் தயாராக இருக்கிறது: மர்மம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெஃப்ரி எழுதிவைத்த கதையில், மெர்லின் என்ற மந்திரவாதி அயர்லாந்திலிருந்து இந்தக் கற்களைக் கொண்டுவந்தான். பதினேழாம் நூற்றாண்டின் கட்டடக்கலைஞர் இனிகோ ஜோன்ஸ் இதை ரோமானியக் கோயில் என்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்டூக்லி, ட்ரூயிட் என்னும் கெல்டியப் பூசாரிகளின் ஆலயம் என்று சொல்ல, அது ஊரெங்கும் பரவிவிட்டது. ட்ரூயிடுகளின் காலத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கற்கள் நின்றுவிட்டன என்பது பிற்பாடு தெரிந்தாலும், அந்தக் கதை இன்றும் போகவில்லை. அது நம் பக்கமும் வந்திருக்கிறது. தக்காணத்தின் கல்வட்டங்களையும் கல்திட்டைகளையும் தோண்டிய மெடோஸ் டெய்லர் என்ற அதிகாரி 1865இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே அவற்றைக் கெல்டிய, ட்ரூயிட், சித்திய நினைவுச்சின்னங்கள் என்று குறிப்பிட்டார். தங்கள் ஊரின் புதிரை எடுத்துவந்து நம் ஊர்க் கற்களின்மேல் வைத்துப் பார்த்தார்கள். நம் மக்களோ அவற்றைப் பாண்டவர் வீடு, பாண்டவர் குழி என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கல்லைப் பார்த்தால் அதைத் தூக்கக்கூடிய ஒருவரைக் கற்பனை செய்துகொள்வது எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்கிறது.

வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்பதும் இந்த வரிசையில் வருவதுதான். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. செய்தவர்களின் கையிலிருந்து அவர்கள் செய்ததைப் பிடுங்கி வேறு யாருக்கோ கொடுக்கும் பேச்சு அது. தெரியாதது இங்கே நிறைய இருக்கிறது. ஆனால் தெரிந்தது அதைவிட வியப்பானது.

ஏறத்தாழ கி.மு. 3000இல் இங்கே முதலில் தோண்டப்பட்டது ஒரு வட்டமான அகழி. கருவி, மான்கொம்பு. சுண்ணப் பாறையில் கொம்பை இறக்கி நெம்பி நெம்பித் தோண்டியிருக்கிறார்கள். உடைந்த கொம்புகளை அகழியிலேயே போட்டுவிட்டுப் போனதால்தான் காலத்தைக் கணிக்க முடிந்தது. அதற்கு ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ கி.மு. 2500இல், சார்சன் என்னும் கடினமான மணற்கல்லில் பெரிய தூண்கள் வந்தன. இரும்பு இல்லாத காலம். கல்லால் கல்லைக் கொத்தி, தேய்த்துச் சமன் செய்தார்கள். அதைவிட, கயிற்றுக்கு வெளியில் நின்று கூர்ந்து பார்த்தால் தெரிகிற ஒன்று இருக்கிறது. மேற்கல் இல்லாமல் தனியே நிற்கும் மிக உயரமான தூணின் உச்சியில் ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். மேற்கல்லின் அடியில் அதற்கேற்ற குழி வெட்டி, குழிக்குள் குமிழை இறக்கிப் பொருத்தினார்கள். வெளிவட்டத்தில் ஒரு மேற்கல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே, ஒன்றில் காடி எடுத்து மற்றதில் நாக்கு விட்டு இணைத்திருக்கிறார்கள். மேற்கற்களின் பக்கங்களையும் வட்டத்துக்கு ஏற்ப லேசாக வளைத்துச் செதுக்கினார்கள்.

இதெல்லாம் மரவேலை. கதவு நிலை செய்கிற எந்தத் தச்சருக்கும் பார்த்தவுடன் புரியும். இருபது டன் கல் தன் எடையாலேயே நிற்கும். காடியும் நாக்கும் கட்டாயம் தேவைப்பட்டிருக்காது. மரத்தில் பழகிய கை, கல் என்றாலும் தனக்குத் தெரிந்த ஒழுங்கை விடவில்லை. அந்தக் குமிழைப் பார்த்த பிறகு எனக்கு மர்மம் என்ற எண்ணமே போய்விட்டது. அங்கே ஒரு தச்சர் நிற்கிறார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் நிற்கிறார்.

இன்று நாம் காணும் கற்கள் அன்று நட்டபடியே நிற்கவில்லை என்பது வருகிறவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. 1901இல் வில்லியம் கௌலண்ட், அதற்கு முன் ஜப்பானின் நாணயச்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே அந்நாட்டுப் பழங்கல்லறைகளை ஆராய்ந்தவர், சாய்ந்துகொண்டிருந்த மிகப் பெரிய தூணை நிமிர்த்தினார். 1797இல் விழுந்த மூன்று கற்கள் கொண்ட வாயில் ஒன்றை 1958இல் பாரந்தூக்கி கொண்டு திரும்ப நிறுத்தினார்கள். 1964வரை இந்த வேலை நடந்தது. பல கற்களின் அடியில் கான்கிரீட் இருக்கிறது. இதைக் கேட்டு ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விழுந்ததைத் தூக்கி நிறுத்துவதும் நட்டவர்களின் வேலையில் சேர்ந்ததுதான்.

அந்த 1958 வேலையில் ஒரு தூணில் விரிசல் கண்டார்கள். அதை உலோகக் கம்பிகளால் பிணைக்க வேண்டி, துளை போட்டார்கள். துளையிட்டபோது வெளியே வந்த கல்லுருளைகளில் ஒன்றை, அந்தத் துளையிடும் நிறுவனத்தில் வேலை பார்த்த ராபர்ட் ஃபிலிப்ஸ் என்பவர் எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு மீட்டருக்கும் மேல் நீளம். பின்னாளில் அமெரிக்காவுக்குக் குடியேறியபோது அதையும் கொண்டுபோனார். தொண்ணூறு வயதை நெருங்கும்போது, அது போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும் என்று 2018இல் திருப்பிக் கொடுத்தார். கற்களில் புதிதாகத் துளை போட யாரும் அனுமதிக்க மாட்டார்கள். இந்த உருளையோ ஏற்கெனவே வெளியே வந்தது. டேவிட் நாஷ் குழுவினர் அதன் வேதியியலைச் சோதித்து, மற்ற சார்சன் கற்களோடும் ஒப்பிட்டு, 2020இல் விடை சொன்னார்கள். மிஞ்சியிருக்கும் 52 சார்சன் கற்களில் 50, வடக்கே 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெஸ்ட் வுட்ஸ் என்ற காட்டுப்பகுதியிலிருந்து வந்தவை.

எப்படி, எங்கிருந்து, எதற்கு என்ற கேள்விகளோடுதான் நானும் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம். தருமபுரிப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்தார். மகள் காதில் ஒலிவழிகாட்டியை வைத்துக்கொண்டு அவ்வப்போது அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்: இத்தனை டன், இத்தனை ஆண்டு, சூரியன் இந்தப் பக்கம் உதிக்கும். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

“எல்லாஞ் சரிம்மா. யாருக்கு நட்ட கல்லு இது?”

மகள் ஒலிவழிகாட்டியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, “அதெல்லாம் யாருக்கும் தெரியாதுப்பா” என்றார்.

பெரியவர் என் பக்கம் திரும்பி, நான் தமிழ் என்று எப்படியோ கண்டுகொண்டு, “எங்க பக்கத்துல கல்லு நட்டிருந்தா ஆளு இல்லாம இருக்காது தம்பி. வேடியப்பன்னு சொல்லிக் கும்பிடுவோம். மாடு புடிச்சிக்கிட்டுப் போனவங்களோட சண்டை போட்டுச் செத்தவங்க கல்லு” என்றார்.

அவர் சொன்னது நடுகல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் பல நடுகற்கள் வேடியப்பன் கோயில்களாக இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள். கல்லில் வட்டெழுத்தில் செதுக்கிய பெயரைப் படிக்கத் தெரியாதவர்களும் அங்கே ஒருவர் இருக்கிறார் என்று அறிவார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு, கல்லைக் கண்டதும் எழும் முதல் கேள்வி ‘எப்படி’ அல்ல, ‘எதற்கு’ம் அல்ல. யாருக்கு என்பதுதான்.

தொல்லியல் அறிஞர்களும் ஏறத்தாழ இப்படித்தான் இந்தக் கேள்விக்கு வந்துசேர்ந்தார்கள். மடகாஸ்கரைச் சேர்ந்த தொல்லியலாளர் ராமிலிசோனினா, பிரிட்டனின் தொல்லியலாளர் மைக் பார்க்கர் பியர்சனின் அழைப்பில் இங்கே வந்தார். மடகாஸ்கரில் முன்னோருக்குக் கல்லை நடும் வழக்கம் இன்றும் உண்டு. உயிரோடிருப்பவர்கள் வாழ்வது மரவீட்டில். ஸ்டோன்ஹெஞ்சைப் பார்த்ததும் ராமிலிசோனினாவுக்கு அதில் புதிர் எதுவும் தெரியவில்லை. முன்னோருக்குரியது என்றார். 1998இல் இருவரும் சேர்ந்து அதை ஒரு கட்டுரையாக எழுதினார்கள். கல் இறந்தவர்களுக்கு, மரம் இருப்பவர்களுக்கு. ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில், டரிங்டன் வால்ஸ் என்ற இடத்தில் மரத்தூண்களால் ஆன வட்டங்கள் முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. இரண்டையும் ஏவன் ஆறு இணைக்கிறது. ஊகம் சரியென்றால் டரிங்டன் பக்கம் மக்கள் குடியிருந்த சுவடு கிடைக்க வேண்டும் என்று தோண்டினார்கள். கிடைத்தது. சின்னச் சின்னச் சதுர வீடுகள், நடுவில் அடுப்பு, பக்கத்தில் படுக்கைக்கும் சாமான் அடுக்குக்கும் விட்ட இடம். பார்வையாளர் மையத்துக்கு வெளியே அவற்றைப் போலவே ஐந்து வீடுகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கூரை வேய்ந்து, பின்னிய மிலாறுகளின்மேல் சுண்ணம் குழைத்துப் பூசிய சுவர்கள். அதற்குள் குனிந்து நுழைந்து சிறிது நேரம் உட்கார்ந்திருக்கலாம். அங்கே கயிறு இல்லை. வருகிறவர்களில் பலர் இந்த வீடுகளை எட்டிப் பார்த்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிறார்கள். எனக்கோ கல்வட்டத்தைவிட அங்கேதான் அதிக நேரம் போயிற்று.

டரிங்டனில் பன்றி எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. பல பன்றிகள் ஒன்பது மாத வயதில் வெட்டப்பட்டவை. இளவேனிலில் பிறந்த குட்டிக்கு ஒன்பது மாதம் ஆவது நடுக்குளிர்காலத்தில். ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டி ஊர் கூடிச் சமைத்துத் தின்றிருக்கிறது. கற்களின் அச்சும் அதற்குப் பொருந்துகிறது: கோடையில் சூரியன் உதிக்கும் திசைக்கு நேர் எதிர்த்திசையில்தான் குளிர்காலத்தின் குறும்பகல் சூரியன் மறைகிறது. 2019இல் வந்த ஓர் ஆய்வு, இந்த வட்டாரத்து விருந்துகளில் வெட்டப்பட்ட பன்றிகளின் எலும்பிலுள்ள வேதியியல் தடயங்களைக் கொண்டு, அவற்றில் பல வேல்ஸ், ஸ்காட்லாந்து போன்ற தொலைதூரங்களிலிருந்து வந்திருக்கலாம் என்றது. விருந்துக்கு வந்தவர்கள் தங்கள் பன்றியைத் தாங்களே ஓட்டி வந்திருக்கலாம். பன்றியை நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கூட்டி வருவது லேசுப்பட்ட வேலையல்ல.

கற்களின் அடியில் யார் இருந்தார்கள் என்பதும் ஓரளவு தெரியும். அகழியை ஒட்டி உட்புறம் 56 குழிகள் வட்டமாக அமைந்திருக்கின்றன. அவற்றிலும் சுற்றிலும் எரித்த எலும்புகள். 1920களில் வில்லியம் ஹாலி அவற்றைத் தோண்டி எடுத்தார். அந்தக் காலத்தில் எரிந்த எலும்பிலிருந்து எதையும் அறிய வழியில்லாததால், எடுத்த எலும்புகளை 1935இல் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். 2008இல் அவை மறுபடி வெளியே வந்தன. ஆண்கள், பெண்கள், சில குழந்தைகள். 2018இல் 25 பேரின் எலும்பைச் சோதித்தபோது பத்துப் பேர் இந்தச் சுண்ண நிலத்தில் வாழ்ந்தவர்கள் அல்ல என்று தெரிந்தது. அவர்கள் மேற்கே, வேல்ஸ் போன்ற நிலத்தில் வாழ்ந்தவர்களாக இருக்க வேண்டும்.

அதே வேல்ஸிலிருந்துதான் சிறிய கற்களும் வந்தன. சார்சன் தூண்களுக்கு உள்ளே, நனைந்தால் நீலச்சாயல் காட்டும் இரண்டு முதல் ஐந்து டன் எடையுள்ள கற்கள் நிற்கின்றன. அவை பெம்ப்ரோக்‌ஷயரின் பிரெசெலி மலைகளைச் சேர்ந்தவை என்று 1923இலேயே ஹெச். ஹெச். தாமஸ் என்ற நிலவியலாளர் காட்டினார். இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தூரம். முதலில் இந்தக் கற்கள் அந்த 56 குழிகளில்தான் நின்றன என்று பார்க்கர் பியர்சன் கருதுகிறார். அப்படியானால் ஒரே நாட்டிலிருந்து கல்லும் வந்திருக்கிறது, சாம்பலும் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே குழியில் இறங்கியிருக்கின்றன.

இதற்குப் பிறகு 2024 ஆகஸ்டில் வந்த செய்திதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. வட்டத்தின் நடுவில், விழுந்த இரண்டு கற்களுக்கு அடியில் பலிபீடக் கல் என்று அழைக்கப்படும் ஒரு மணற்கல் கிடக்கிறது. ஐந்து மீட்டர் நீளம், ஆறு டன். அதுவும் வேல்ஸிலிருந்து வந்தது என்றே நூறு ஆண்டுகளாக நம்பியிருந்தார்கள். ஆந்தனி கிளார்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்தக் கல்லின் துணுக்குகளிலுள்ள சிர்கான் போன்ற கனிமத் துகள்களின் வயதை அளந்து பார்த்தார்கள். வேல்ஸ் இல்லை. ஸ்காட்லாந்தின் வடகிழக்கு. குறைந்தது 750 கிலோமீட்டர். கிளார்க் தாமே பிரெசெலி மலைப்பகுதியில் வளர்ந்தவர்; தம் ஊர்க் கல் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வந்த ஒன்றை, தம் ஊருடையது அல்ல என்று நிறுவ வேண்டியிருந்தது. சக்கரம் இன்னும் அங்கே வந்து சேராத காலத்தில், ஆறு டன் கல்லைக் கடல்வழியாகவோ தரைவழியாகவோ தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கி இழுத்து வந்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே கல் இருந்ததே, ஏன் இத்தனை தூரம் போனார்கள் என்பது வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி. சிலப்பதிகாரம் படித்தவருக்கு இந்தக் கேள்விக்கு ஒரு விடை முன்பே தெரியும். கண்ணகிக்குக் கல் எடுக்க வேண்டும். பொதிய மலையில் கல் எடுத்துக் காவிரியில் நீராட்டலாம் என்ற யோசனை அவையில் வருகிறது. செங்குட்டுவன் அதை ஏற்கவில்லை. இமயத்துக்குப் போய்க் கல் எடுத்து, கங்கையில் நீராட்டி, வஞ்சிக்குக் கொண்டுவருகிறான். வஞ்சிக்காண்டத்தின் காதைகளே கல்லைக் காண்பது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது என்றுதான் போகின்றன. அந்த முறையைத் தொல்காப்பியமும் சொல்லியிருக்கிறது. கல் வரும் தூரமும் மரியாதையில் ஒரு பகுதி. அருகில் கிடைத்ததை நட்டால் போதும் என்றால் காவியத்தின் மூன்று காண்டங்களில் ஒன்று தேவையில்லாமல் போயிருக்கும்.

ஸ்டோன்ஹெஞ்சுக்கும் வஞ்சிக்கும் வரலாற்றுத் தொடர்பு கிடையாது. நம் பெருங்கற்காலமே இதற்கு வெகுகாலம் பிந்தியது. ஆனால் இறந்தவருக்காகத் தூரத்துக் கல்லைத் தேடிப் போகும் மனம் எப்படிப்பட்டது என்று நமக்கு ஓர் உதாரணம் கையில் இருக்கிறது. அந்த உதாரணத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. இமயக் கல் கனகவிசயரின் தலையில் ஏறித்தான் வந்தது. பத்தினிக்குச் செய்த மரியாதையும் தோற்ற அரசர்களுக்குச் செய்த அவமானமும் ஒரே சுமையில் இருந்தன. ஸ்காட்லாந்துக் கல்லை இழுத்தவர்களும் தாங்களே விரும்பி இழுத்தார்களா, பன்றியோடு விருந்துக்கு வந்தவர்கள் பிரியமாகக் கொண்டுவந்த சீரா, அல்லது யாரோ ஒருவரின் வெற்றிக்கு அடையாளமா? ஒற்றுமையின் சின்னம் என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதை அத்தனை எளிதாக நம்பத் தோன்றவில்லை. கல்லை இழுத்த கயிற்றின் நுனியில் இருந்தவர்களின் தோளை நினைத்தால் இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

பெரியவரிடம் இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. எரித்த எலும்பு கிடைத்ததையும், குளிர்காலத்தின் குறும்பகலையொட்டிப் பன்றி வெட்டி விருந்துண்டதையும், இறந்தவர்களில் சிலர் மேற்கிலிருந்து வந்ததையும், கல்லும் அங்கிருந்து வந்ததையும், ஒரு கல் மட்டும் வடக்கே வெகுதூரத்திலிருந்து வந்ததையும் சொன்னேன். பலிபீடக் கல் கிடக்கும் திசையைக் காட்டினேன். கயிற்றுக்கு இப்புறமிருந்து அது சரியாகத் தெரியாது. மேலே விழுந்து கிடக்கும் கற்கள் மறைக்கின்றன. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் தேடினார். சார்சன் கற்களின் இடுக்கில் கூடு கட்டியிருந்த சிறு காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன.

“பேரு எதுவும் தெரியாதா?” என்றார்.

“தெரியாதுங்க ஐயா. எழுத்து இல்லாத காலம்.”

“சரி, அவங்க வம்சம்? அவங்கதானே வந்து கும்பிடணும்?”

அதற்கும் ஒரு விடை இருக்கிறது, கேட்கக் கஷ்டமான விடை. சார்சன் கற்கள் நின்று சில நூற்றாண்டுகளுக்குள் ஐரோப்பாவிலிருந்து, தனி வகைப் பானைகளோடும் உலோகத் தொழிலோடும் புதிய மக்கள் வந்தார்கள். பழைய எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2018இல் வெளியான முடிவின்படி, பிரிட்டனின் மரபணுப் பரம்பரையில் ஏறத்தாழ 90 விழுக்காடு மாறிப்போயிற்று. இன்றைய ஆங்கிலேயர்களுக்கும் இந்தக் கல்லை நட்டவர்களுக்கும் உள்ள ரத்த உறவு மிகச் சொற்பம். வந்தவர்கள் கற்களைத் தள்ளிவிடவில்லை. தங்கள் பிணங்களை இதைச் சுற்றியே புதைத்தார்கள். நடந்து வரும் வழியில் தென்பட்ட மேடுகளில் பெரும்பாலானவை பின்னால் வந்தவர்களுடையவை. யாருக்கென்றே தெரியாத கல்லைத் தமக்கும் உரியதாக ஏற்றுக்கொண்டார்கள். ஸ்டோன்ஹெஞ்சில் என்னை மிகவும் தொட்ட செய்தி இதுதான்.

“வம்சம் அநேகமா இல்லைங்க. இப்ப வர்றவங்கதான்” என்றேன். கோடையிலும் குளிர்காலத்திலும், மிக நீண்ட பகலையும் மிகக் குறுகிய பகலையும் ஒட்டி, கூட்டம் கூடுகிறது என்று சொன்னேன். ட்ரூயிட் உடை போட்டவர்கள், மேளம் அடிப்பவர்கள், குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வருபவர்கள். 1985இல் இங்கே வரக் கிளம்பிய கூட்டத்தைப் போலீஸ் வழியிலேயே மறித்து அடித்து நொறுக்கியது. அதன் பிறகு நெடுநாள் தடை. 2000லிருந்து மறுபடி அனுமதி. கூட்டம் கூடும் அந்த நாளில் நுழைவுச்சீட்டு கிடையாது, கயிறும் கிடையாது. வட்டத்துக்குள்ளேயே போய் நிற்கலாம்.

“உள்ளயே போலாமா?” என்று மகளைப் பார்த்தார்.

“டிசம்பர்லப்பா. இருபத்தொண்ணு, இருபத்திரண்டு வாக்குல. குளிரு தாங்க மாட்டீங்க.”

“பன்னி வெட்டித் தின்ன அதே நாளா?” என்று என்னிடம் கேட்டார். ஆமாம், அந்த நாளையொட்டித்தான் என்றேன்.

அவருக்கு ஊர் திரும்ப எடுத்திருந்த டிக்கெட் செப்டம்பரில். அதை மாற்ற எவ்வளவு பணம் கேட்பார்கள் என்று அவர் விசாரிக்க, மகள் அங்கேயே போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.